கொயினாவுக்கு முந்திய இரத்தம்

இன்று காலை உங்கள் மாப்பிள்ளை ஒரு வௌவாலைத் துடைப்பத்தால் அடித்தே கொன்றார். விடிந்தபிறகு வெளியே போக வழி தெரியாமல் சமையலறை உத்தரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த சின்ன உயிர். பின்கதவைத் திறந்துவிட்டிருந்தால் அதுபாட்டுக்குப் போயிருக்கும். அவருக்கு அந்தப் பொறுமை ஏது? முதல் அடியிலேயே சுவரில் மோதி விழுந்துவிட்டது. விழுந்த பிறகும் அடித்தார். அது அசையாமல் கிடந்தபோதும் அடித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே உங்கள் பேத்தியிடம் சொன்னார்: "உங்க தாத்தாவ கொன்ன சாதி இதுதாம்மா. தெரிஞ்சிக்கோ."

நான் அடுப்பை விட்டு எழுந்து வந்து துடைப்பத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். இத்தனை வருஷம் அவர் எதிரில் குரலை உயர்த்தாதவள். "உங்க மாமனார கொன்னது வௌவால் இல்ல. தெரியாதத கொழந்தைக்கு ஓதாதீங்க" என்று கத்தினேன்.  மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் கண்டிருக்கிறதோ என்று. தரையில் ஒரு சொட்டு இரத்தம் இருந்தது. உலர்வதற்குள் எடுக்க வேண்டுமே என்று என் கை தானாகக் கண்ணாடிச் சில்லைத் தேடியது. பூதிக்கோட்டையில், விவசாயி வீட்டில், புதுச் சில்லுக்கு எங்கே போவேன்? முந்தானையால் துடைத்தேன். பழைய வாடை மூக்கில் ஏறிற்று. அதனால்தான் இந்தக் கடுதாசி.

சீமையில் மகாராணி காலமான வருஷம் அது. நீங்கள் தங்கச் சுரங்கத்து மைன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் துரை கப்பலில் வரவழைத்த, பித்தளைக் குழாய் வைத்த பூதக்கண்ணாடி நம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. துரை தன் காய்ச்சலுக்கு நீலகிரிக் குளிரைத் தேடிப் போனவர், ஆஸ்பத்திரியில் வைத்தால் யாராவது உடைத்துவிடுவார்கள் என்று அதை உங்களிடம் ஒப்படைத்திருந்தார். கூடவே ஒரு வேலையும். நாள் விட்டு நாள் குளிரெடுக்கும் முறைக்காய்ச்சல்காரர்களின் இரத்தத்தில் காணும் பூச்சியைப் போலவே ஏதோ ஒன்று வௌவால் இரத்தத்திலும் உண்டென்று சீமைப் பத்திரிகையில் படித்தாராம். இந்த ஊர் வௌவாலில் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

வௌவாலுக்குக் கன்னியப்பன் கிடைத்தான். சுரங்கத்தில் மரச்சட்டம் நிறுத்தும் வேலை செய்தவன். பாறை சரிந்து கால் நொறுங்கிய பிறகு, பாலகாட் சுரங்கத்துப் பக்கம் பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழியில் வலை கட்டி வௌவால் பிடித்துப் பிழைத்தான். கல்தூள் ஏறி இளைக்கும் நெஞ்சுக்கு வௌவால் கறி கைகண்ட மருந்து என்று கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் எல்லாருக்கும் நம்பிக்கை. அவன் கறிக்குக் கொண்டுபோவதற்கு முன் உங்களிடம் கொண்டுவந்தான். நீங்கள் வௌவாலுக்கு ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு அனுப்பினீர்கள்; பூச்சி இருந்தவற்றில் ஒன்றிரண்டை மட்டும் கூண்டில் நிறுத்திவைத்தீர்கள்.

இறக்கையை விரித்துப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எத்தனை திமிறும், எப்படிக் கீச்சிடும்! இறக்கை ஓரத்தில் ஓடும் நரம்பை நீங்கள் ஊசியால் குத்துவீர்கள். பொட்டாக இரத்தம் வரும். அதைச் சில்லில் தொட்டு, இன்னொரு சில்லின் விளிம்பால் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, ஸ்பிரிட்டில் முக்கி, சாயம் ஏற்றுவீர்கள். ஒரு நாள் ஒன்று என் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டது. நான் அலறிக்கொண்டு அதைச் சுவரில் அடிக்கப் போனேன். "உட்றாதடி, சில்லு இன்னும் எடுக்கல!" என்றீர்கள். பெண்டாட்டி விரல் போனாலும் பரவாயில்லை, சொட்டு போகக் கூடாது! அன்று உங்களுக்குச் சோறு போடவில்லை. அது நினைவிருக்குமா உங்களுக்கு? எனக்கு இருக்கிறது, தழும்போடு.

பட்டினி கிடந்தவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னீர்கள். இரத்தம் என்றால் சிவப்புத் தண்ணீர் என்று நினைத்திருந்தவள் நான். பாயில் அப்பளம் உலர்த்தினதுபோல் வட்ட வட்டமாகக் கிடந்தது. ஒரு வட்டத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, எள் தூவின உருண்டையாக ஒன்று தெரிந்தது. "அதான் வௌவாலோட பூச்சி" என்றீர்கள். அடுத்து ஒரு காய்ச்சல்காரனின் சில்லை வைத்தீர்கள். அதில் வட்டத்துக்குள் மெல்லிய மோதிரம், ஓரத்தில் சிவப்புக் கல் பதித்தது போல ஒரு புள்ளி. "இது மனுசனோடது. ரெண்டும் ஒறவு, ஆனா ஒண்ணு இல்ல. நல்லா பாத்துக்க." நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். உங்கள் வாய் நின்றதா? ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்துக்கு வரிசையில் நின்றவர்களிடம், சந்தோஷம் தாங்காமல், "வௌவால் ரத்தத்துலயும் காச்சல் பூச்சி கீதுப்பா!" என்று சொல்லிவிட்டீர்கள். உறவு, ஒன்றில்லை என்கிற பாகத்தை யார் கேட்டார்கள்? நுணலும் தன் வாயால் கெடும். நீங்கள் கெட்டது மட்டுமில்லாமல் கன்னியப்பனையும் சேர்த்துக் கெடுத்தீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன பிறகும் கோபித்துக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் இல்லை.

அந்த வாரமே எல்லப்பனின் தம்பி காய்ச்சலில் செத்தான். எல்லப்பன் சுரங்கத்தில் ஜம்பர் அடிப்பவன். பாறையில் துளைபோடும் அந்த இரும்புக் கம்பியை வீசி வீசி அவன் தோள் இரண்டும் கல்லாகியிருந்தன. தம்பிக்கு இளைப்பு என்று கன்னியப்பனிடம் வாங்கி வௌவால் கறி சமைத்துக் கொடுத்திருந்தார்கள். கறி தின்றான், காய்ச்சல் வந்தது, செத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பாடையைத் தூக்கிவிட்டு வந்தவர்களிடம் அந்தக் கதையை எடுபடச் சொல்ல முடியுமா?

சாயங்காலம் ஷிஃப்ட் சங்கு ஊதின கையோடு வந்தார்கள். முதலில் கன்னியப்பனின் குடிசை. வலைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அவன் நொண்டிக் காலிலேயே மறுபடியும் அடித்தார்கள். தவழ்ந்தும் ஓடியும் நம் வாசலுக்கு வந்து விழுந்தான். ஒரு காது கிழிந்து தொங்கியது. நீங்கள் அவனை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ் போட்டீர்கள். தாழ் எவ்வளவு நேரம் தாங்கும்? கதவு பிளந்து உள்ளே சாய்ந்தது. முதல் கல் உங்கள் புருவத்தைக் கிழித்தது. அந்த இரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வெறி வந்ததோ, உலக்கையை எடுத்துச் சுழற்றினேன். ஒருவன் மணிக்கட்டு முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

"அவன வெளிய உடு கம்பவுண்டரே! எந்தம்பிக்கு வௌவால் ரத்தத்த துன்ன குடுத்து கொன்னுட்டான். இன்னிக்கு அவன் ரத்தத்த பாக்காம போவமாட்டேன்" என்று எல்லப்பன் ஜம்பரை ஓங்கிக்கொண்டு நின்றான். நீங்கள் கூண்டிலிருந்த ஒரு வௌவாலை எடுத்தீர்கள். அன்று மத்தியானம்தான் அதன் இரத்தத்தில் எள் உருண்டையைப் பார்த்திருந்தோம். அதன் நரம்பைக் கிழித்து, ஆஸ்பத்திரி ஊசிக்குழலில் இரத்தத்தை இழுத்தீர்கள். இறக்கையைப் பிடி என்று நீங்கள் சொல்லாமலே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன பழக்கம்! என்ன செய்யப்போகிறீர்கள் என்று புரிவதற்குள் ஊசி உங்கள் முழங்கையில் இறங்கிவிட்டது.

"எல்லாரும் பாத்தீங்களா? இந்த ரத்தம் இப்ப எனக்குள்ள கீது. வர்ற அமாவாசைக்குள்ள இதால எனக்கு காச்சல் வந்தா இவன நீங்களே கொண்டுபோங்க. வரலன்னா இவன் மேல எவனும் கை வெக்கக் கூடாது."

 எல்லப்பன் ஒப்புக்கொண்டு, நம் சாமி மாடத்திலிருந்த கற்பூரத்தை வாசற்படியில் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் வம்சம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. கன்னியப்பன் நம் வீட்டை விட்டுப் போகக் கூடாது, எல்லப்பனின் கூட்டாளிகள் வாசலில் காவல் இருப்பார்கள் என்று ஏற்பாடாயிற்று. மைன் காவலர்கள் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து, லைன் தகராறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "எவனோ ஒருத்தனுக்கு எந்தாலிய பந்தயம் வெச்சீங்களா? யார கேட்டு வெச்சீங்க?" என்றேன். "என் வாயால வந்த வென, நாந்தான தீக்கணும்" என்றீர்கள். மூலையில் கிழிந்த காதைப் பொத்திக்கொண்டிருந்த கன்னியப்பன், "அண்ணி, என்ன வெளிய தள்ளிடுங்க. ஒரு உசுரோட போவட்டும்" என்றான். தள்ளிவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. பிறகு அவன் காதுக்கு மஞ்சள் அரைத்தேன்.

நாட்கள் நல்லபடியாகத்தான் போயின. தினமும் விரலைக் குத்திப் பார்ப்பீர்கள். எள் உருண்டை ஒன்றுகூட இல்லை. வௌவாலின் பூச்சி மனித உடம்பில் பிழைக்கவில்லை என்று குதித்தீர்கள். அமாவாசை நெருங்கியது. தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்காக எல்லப்பன் இதே பூதிக்கோட்டைக்குப் போனான், தம்பி பெண்டாட்டியின் ஊர் என்று. அவன் போன அன்று மத்தியானம், கொளுத்துகிற வெயிலில், உங்களுக்குக் குளிர் எடுத்தது.

கட்டில் சட்டம் சுவரில் மோதி மோதி அதிர்ந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. வாசலில் காவல்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் முனகல் வெளியே கேட்டால் அந்த நிமிஷமே கன்னியப்பன் பிணம். உரலில் கம்பைக் கொட்டி இடிக்க ஆரம்பித்தேன். மாவான பிறகும் இடித்தேன். நீங்கள் நடுங்குகிற நேரமெல்லாம் நான் இடித்தேன். "இன்னாம்மா, ஊட்டுல கல்யாணமா?" என்று வெளியிலிருந்து ஒருவன் கேட்டான். "ஒங்க கருமாதிக்கு மாவு இடிக்கிறேன்" என்றேன். சிரித்தார்கள்.

நடுக்கம் தணிந்ததும் தள்ளாடி எழுந்து உங்கள் இரத்தத்தையே கண்ணாடியில் வைத்துப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "வந்து பாருடி. மோதிரம்! சுத்தமான மனுச பூச்சி. வௌவாலோடது ஒண்ணுகூட இல்ல." நானும் பார்த்தேன். ஒரு வட்டம் விட்டு ஒரு வட்டம் மோதிரம். லைன்களில் யாருக்குத்தான் வராத காய்ச்சல்? எப்போதும் வருகிற அதே காய்ச்சல் இந்தச் சமயம் பார்த்து வந்துவிட்டது.

ஆனால் காய்ச்சலை முறிக்கும் கொயினா மாத்திரையைத் தொடமாட்டேன் என்றுவிட்டீர்கள். கொயினா உள்ளே போனால் பூச்சி செத்து மறைந்துவிடும், எல்லப்பன் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது என்றீர்கள். "சில்லுலதான் எடுத்து வெச்சாச்சே. அத காட்டிக்கலாம், முழுங்குங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"எந்த சில்லு யாரோடதுன்னு அவன் எப்படி நம்புவான்? அவன் கண்ணு முன்னால என் கைய குத்தி எடுக்கணும். சத்தியம் பண்ணவன் அவன், அவன்தான் அத தளர்த்தணும்."

மாத்திரையை மாவில் உருட்டி உங்கள் வாயில் திணித்தேன். துப்பினீர்கள். கன்னியப்பனும் உங்கள் தாடையைப் பிடித்து அழுத்தினான். அவன் கையைக் கடித்தீர்கள், வௌவால் கடித்தது போலவே. எல்லப்பன் காரியம் முடித்துத் திரும்பும்வரை ஒவ்வொரு குளிரும் முந்தினதைவிட மூர்க்கமாக வந்தது. நான் உலக்கையை விடவில்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்து உலக்கையில் இரத்தம் ஒட்டியது.

எல்லப்பன் மொட்டைத் தலையோடு வந்ததும் நீங்களே அவனை உள்ளே கூப்பிட்டு, "எனக்கு காச்சல் வந்துடுச்சி" என்றீர்கள். அவன் ஒரே தாவில் கன்னியப்பனின் கழுத்தைப் பிடித்துவிட்டான். "கண்ணாடிய பாத்துட்டு அப்புறம் கொல்லு!" என்று நீங்கள் போட்ட சத்தம், அந்த உடம்பிலிருந்தா வந்தது! அவன் பிடியை விடாமலே வந்து பார்த்தான். கூண்டில் மிஞ்சியிருந்த வௌவாலைக் குத்தி ஒரு சில்லு, உங்கள் விரலைக் குத்தி ஒரு சில்லு. பாறையில் தங்கரேகையைத் தேடிப் பழகிய கண். எள் உருண்டையும் மோதிரமும் வேறு வேறு என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை.

"என் கைய குத்து. நானும் அப்பப்ப காச்சல்ல படுக்கிறவன். ஆனா வௌவால வாயில வெச்சதே இல்ல. உனக்கு கீறது எனக்கும் இருந்தா, நீ சொல்றது நெசம்."

சாயம் ஏறிக் காயும்வரை ஜம்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை. மோதிரங்கள், அவன் இரத்தத்தில், உங்களுக்கு இருந்த அதே மோதிரங்கள்.

"கொசு கடிச்சி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு போவுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னியே. ஒரே பாயில படுத்துகினு இருந்தோம், நானும் எந்தம்பியும்" என்றான். "அப்ப அவனுக்கு நாந்தான் குடுத்தனா?" கேட்டுக்கொண்டே எழுந்து போய் நிலைப்படியில் தலையை மோதினான். மறுபடியும், மறுபடியும். சவரம் செய்த மண்டை பிளந்து முகமெல்லாம் இரத்தம். ஒரு நிமிஷம் முன்பு அவன் கையில் சாக இருந்த கன்னியப்பன்தான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான்.

நீங்கள் கட்டிலிலிருந்தே சொன்னீர்கள்: "எல்லப்பா, யார்கிட்ட இருந்து யாருக்கு போச்சின்னு எந்த கண்ணாடியும் காட்டாது. கொசுவுக்கு மொகம் தெரியாது."

அதற்குப் பிறகுதான் கொயினாவை விழுங்கினீர்கள். அது வேலை செய்ய உங்களிடம் உடம்பு மிஞ்சியிருக்கவில்லை. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. என்னை யாரோ என்று நினைத்து அறைந்தீர்கள். உதடு கிழிந்தது. கன்னியப்பன் காலையும் எல்லப்பன் தோளையும் அழுத்திப் பிடிக்க, வலையில் விழுந்த உயிர்போலத் திமிறினீர்கள். மறுநாள் முற்பகலில் திமிறல் நின்றது. அமாவாசை அன்றுதான்.

பாடை கட்டும்போதே கூட்டம் வந்துவிட்டது. "வௌவால் ரத்தத்த ஏத்திக்கினவன் செத்துட்டான். சத்தியப்படி கன்னியப்பன குடு." எல்லப்பன் பாடைக்கு முன்னால் ஜம்பரோடு நின்றான். "சத்தியம் பண்ணவன் நான். மீறுறவனும் நான். வம்சம் போனா என்னோடது போவட்டும். இவன் மேல கை வைக்கிறவன் மொதல்ல என்ன கொல்லுங்க" என்றான். கடன் தீர்ப்பவனைப் போல அத்தனை அடியையும் வாங்கினான். அவனோடு ஷிஃப்ட்டில் இறங்கியவர்களே அடித்தார்கள். இடது கை முழங்கையில் முறிந்தது. முறிந்த கையோடு ஒரு பக்கம் அவனும், நொண்டிக் காலோடு மறுபக்கம் கன்னியப்பனும் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாடை கோணலாகப் போயிற்று. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

எல்லப்பன் இப்போது பாலகாட்டில், ஷாஃப்ட் குழி வாயில் நின்று, ஆளிறக்கும் கேஜுக்கு நல்ல கையால் மணி அடிக்கிறான். கன்னியப்பன் குடியாத்தம் பக்கம் போய்விட்டான். மைன்களில் மின்சாரம் வந்துவிட்டது. ஊர் பேச்சு மட்டும் மாறவில்லை. வௌவால் இரத்தத்தைக் குத்திக்கொண்டு செத்த கம்பவுண்டர் என்றே சொல்கிறார்கள். அப்போது குடியாத்தத்தில் என் அம்மாவோடு இருந்த நம் மகளும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள். இன்று மத்தியானம் அவளையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியின் அடியிலிருந்த சில்லுகளை எடுத்துக் காட்டினேன். பூதக்கண்ணாடி இல்லாமல் அவை வெறும் கறை. மாப்பிள்ளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே அத்தே" என்றார். "நான் பாத்தேன். அது போதும்" என்றேன்.

அவர்களிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போன சில நாளிலேயே எனக்கும் குளிர் கண்டது. கட்டில் சட்டம் சுவரில் அதே மாதிரி மோதிற்று. இடித்துச் சத்தத்தை மறைக்கத்தான் ஆள் இல்லை. ஒரே கட்டிலில் படுத்திருந்தோம், உங்களைக் குடித்த கொசுதானே என்னையும் கடித்திருக்கும்? அன்றிலிருந்து எப்போதாவது, பெரும்பாலும் மழை முடிகிற காலத்தில், அது திரும்பி வருகிறது. மகள் உடனே கொயினாவையும் தண்ணீரையும் கொண்டுவந்து நிற்பாள். வைத்துவிட்டுப் போ, அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்பேன். போர்வைக்குள் பல் அடித்துக்கொள்ள, எலும்பெல்லாம் உலுக்கி எடுக்க, முதல் குளிர் அடங்கும்வரை அப்படியே கிடப்பேன். அதற்குப் பிறகுதான் விழுங்குவேன்.

யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தக் கண்ணாடியும் காட்டாது என்றீர்கள். காட்ட வேண்டாம். எனக்குத் தெரியும்.